ஒன்பதாம் படி ஏறியது நான்தான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் மகள் பம்பரமும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருப்பாய், ஆனால் மனசு சரியில்லை என்பது நேற்று நீ அனுப்பிய செய்தியிலேயே தெரிந்துவிட்டது. வேலையை ராஜினாமா செய்துவிட்டு அடுத்த மாதமே கிளம்பி வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். போனில் பதில் சொல்லலாம் என்றுதான் முதலில் எடுத்தேன். போனில் பேசினால் நீ பாதியில் அழுவாய், நான் அதை மறைக்க ஏதாவது ஜோக் அடிப்பேன், அம்மா பின்னால் இருந்து இரண்டு பேரையும் திட்டுவாள், விஷயம் நடுவழியில் இறங்கிப் போய்விடும். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், எனக்கும் அது நல்ல பயிற்சி. அது ஏன் என்று போகப் போகத் தெரியும்.

பம்பரத்தின் கவனப் பயிற்சி மையத்திலிருந்து உனக்கு வந்த அறிக்கையைப் பார்த்துத்தானே பயந்தாய், ஒன்பதாம் படியில் இருந்த பிள்ளை மூன்றாம் படிக்கு விழுந்துவிட்டாள், பின்னாலே போகிறாள், நான் பக்கத்தில் இல்லாததால்தான் இப்படி ஆகிவிட்டது என்று. கண்ணு, நன்றாகக் கேட்டுக்கொள். உன் பிள்ளை எங்கேயும் விழவில்லை. அந்த ஒன்பதாம் படிவரை ஏறியது உன் அப்பன்.

டாக்டர் இவளுக்கு கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.எச்.டி. என்று சொன்ன அன்று அது எந்த ரூட் பஸ் என்று நான் கேட்டேனே, நீ கூட முறைத்தாய். அந்த அறிவோடுதான் கம்ப்யூட்டர் பயிற்சிக்கும் துணைக்கு உட்கார்ந்தேன். பயிற்சி என்ன என்று நீ பார்த்ததில்லை, சொல்கிறேன். திரையில் ஒரு பெரிய வீடு இருக்கும். அதன் ஜன்னல்களில் விளக்கு ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எந்த வரிசையில் எரிந்ததோ அதே வரிசையில் இவள் அமுக்க வேண்டும். சரியாக அமுக்கினால் படி ஏறும், ஜன்னல் கூடும். தப்பாக அமுக்கினால் படி இறங்கும். பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கலாம், பேசக்கூடாது என்று மையத்து டீச்சர் முதல் நாளே சொல்லித்தான் அனுப்பினார். நானும் தலையை ஆட்டினேன். வாழ்நாள் முழுக்க கண்டக்டராக இருந்தவனிடம் போய், வரிசையாக ஏதோ வருவதைப் பார், ஆனால் வாயைத் திறக்காதே என்றால் நடக்கிற காரியமா? முதல் விளக்கு எரிந்ததும் மேல் மாடி என்றேன். அடுத்தது கீழ் ஓரம். அடுத்தது நடு ஜன்னல், நடு ஜன்னல். நான் ஸ்டாப்பிங் பெயர் கூவுவது போலக் கூவ, அவள் டிக்கெட் கிழிப்பது போல டக்கு டக்கென்று அமுக்கினாள். படி ஏறியது. அம்மாவும் கரண்டியோடு வந்து நின்றுகொண்டு, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் பிள்ளைக்குப் புரிய வேண்டாமா என்று எனக்கே பாடம் நடத்தினாள். மாடி வீட்டுத் தையல்காரம்மா கூட மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் கேட்டார், அண்ணே, பிள்ளை விளையாடுதா நீங்க விளையாடுறீங்களா என்று. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குப் பெருமைதான் வந்தது.

போன வாரம் மையத்தில் சோதித்துப் பார்த்தார்கள். பிள்ளையைத் தனி அறையில் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்து, எங்களைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கீழ் ஓரம் கீழ் ஓரம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், அங்கே படி சரசரவென்று இறங்கியது. டீச்சருக்கே திகைப்பு. வீட்டில் எப்படிம்மா செய்தாய் என்று கேட்டார். இவள் காலை ஆட்டிக்கொண்டே, கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: "தாத்தா சொல்லுவாரு, நான் அமுக்குவேன். இங்க தாத்தாவ வெளிய நிறுத்திட்டீங்களே." டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள், கரண்டியோடு நின்றதெல்லாம் வேறு யாரோ என்பது போல.

டீச்சர் திட்டவில்லை. இப்போதுதான் பிள்ளை உண்மையில் எங்கே நிற்கிறாள் என்று தெரிகிறது, இங்கிருந்து தொடங்கலாம் என்றார். நான் விடாமல் கேட்டேன், இதில் படி ஏறினால் வகுப்பில் உட்கார்ந்துவிடுவாளா என்று. அவர் பூசி மெழுகவில்லை. விளையாட்டில் தேறுவது வேறு, வகுப்பில் கவனிப்பது வேறு, சில பிள்ளைகளுக்கு உதவுகிறது, சிலருக்கு விளையாட்டோடு நின்றுவிடுகிறது, இதை மட்டும் நம்பி மாத்திரையையோ மற்றதையோ விடக்கூடாது, மூன்று மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு டாக்டரோடு உட்கார்ந்து பேசுவோம் என்றார். எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போனது அப்போதுதான். ஆகையால் மாத்திரை அம்மா பொறுப்பு, நேரம் தவறுவதில்லை. வீட்டுப்பாடத்தைத் துண்டு துண்டாக்கி, நடுவில் ஒரு ஓட்டம் ஓடவிட்டு முடிக்க வைப்பது என் பொறுப்பு. அவளோடு நானும் ஓடுகிறேன், தொப்பை கொஞ்சம் பின்னால் வருகிறது.

இனி வாய் விஷயம். மூடிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தால் அது காப்பாற்றப்படாது என்று எனக்கே தெரியும். அதனால் பயிற்சி தொடங்கும்போது ஒரு வாய் தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டு பின்னால் உட்காருகிறேன். முதல் நாள் அவள் முதல் தப்புச் செய்ததுமே மடக்கென்று முழுங்கிவிட்டு நடு ஜன்னல் என்று கத்திவிட்டேன். மறுநாள் அவள் சரியாக அமுக்கிய சந்தோஷத்தில் புரையேறி, கீபோர்டு குளித்தது. அம்மா முடி உலர்த்தும் மெஷினை வைத்து அதை உலர்த்தியபடி சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது. ஆனால் நான் விடவில்லை.

நேற்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். இரண்டு முறை தப்பாக அமுக்கிவிட்டாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துபோய் ஜன்னல் கம்பியில் தொங்கினாள், அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள், என் முன்னால் வந்து நின்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். என் கன்னம் இரண்டும் பந்து போல உப்பியிருந்தது, சொல்ல வழியில்லை. என் முகத்தையே பார்த்தவள் சிரித்துவிட்டாள். பிறகு யாரும் கூப்பிடாமல் தானே போய் உட்கார்ந்தாள். விளக்கு எரிய எரிய அவள் உதடு மட்டும் அசைந்தது. சரியாக அமுக்கினாள். அடுத்ததும் சரி. மூன்றாம் படியில் இருந்து நான்காவது. எனக்கு மூச்சு முட்டி எழுந்திருக்கப் போனேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்: "தாத்தா, முழுங்கிடாதீங்க. இன்னும் ஒண்ணு இருக்கு."

அம்மாடி, நீ நோயாளிகளை நடக்க வைக்கிறவள். ஊன்றுகோலை எடுத்த அன்று அவர்கள் தடுமாறினால் அதைப் பின்னடைவு என்று எழுத மாட்டேன் என்று நீதானே சொன்னாய். உன் பிள்ளையிடமிருந்து எடுத்த ஊன்றுகோல் நான்தான், அவ்வளவே. அதற்காக நீ ஓடி வந்து இன்னொரு ஊன்றுகோலாக நிற்க வேண்டாம். அந்த பிசியோதெரபி வேலைக்கு நீ எப்படிப் படித்தாய் என்று பார்த்தவன் நான். கப்பலில் இருந்து மாப்பிள்ளையும் பேசினார், உன் இஷ்டம் என்றுதான் சொல்கிறார், பாவம் அவருக்கு வேறென்ன சொல்லத் தெரியும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மூன்று மாதம் முடியட்டும். டாக்டரோடு பேசும் அன்று உன்னையும் போனில் சேர்த்துக்கொள்கிறோம். அன்று தாய் பக்கத்தில் வேண்டும் என்று அவர் சொன்னால் உனக்கு டிக்கெட் போடுவதே நான்தான். அதுவரை ராஜினாமாக் கடிதத்தை யாரிடமும் கொடுக்காதே.

எல்லா நலமும் பெற்று, எடுத்த காரியத்தில் உறுதியாக நில், என் ஆசியும் அம்மா ஆசியும் எப்போதும் உன்னோடு. நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றே ஒன்று மறக்காதே, சாயங்காலம் பயிற்சி நேரத்தில் வீடியோவில் கூப்பிடாதே. நீ என் மகள், உன் வாயும் சும்மா இருக்காது. அந்த நேரம் அங்கே நீயும் ஒரு வாய் தண்ணீர் வைத்துக்கொள்.

பயிற்சி நேரம் வந்துவிட்டது, பம்பரம் டம்ளரோடு வந்து நிற்கிறாள்,

உன் அப்பா