அக்கா சொல்லாத கேலி

அக்கா,

அமெரிக்காவிலிருந்து உன் மகள் அனுப்பிய பெட்டி மேஜைமேல் இருக்கிறது. கன்னத்தின் உள்பக்கம் தேய்க்கிற பஞ்சுக்குச்சி வந்த பெட்டி. குச்சி திரும்பிப் போய்விட்டது. காலிப் பெட்டியில் மூக்குக்கண்ணாடி வைத்திருக்கிறேன். திறந்தால் இன்னும் ஆஸ்பத்திரி வாசனை.

இந்தச் சோதனையைப் பற்றி என்னைவிடத் தெளிவாகச் சொல்ல பாலசமுத்திரத்தில் ஆள் கிடையாது. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு சின்ன பவர் ஹவுஸ். அதற்குத் தனியாக ஒரு டிஎன்ஏ. அது அம்மாவிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும், அப்பனுக்குப் பங்கில்லை. அம்மா, அவளுக்கு அம்மா என்று பின்னாலேயே போனால் நம் வழி காஞ்சிபுரத்து அரண்மனை யானைக்கொட்டடியில் போய் நிற்கும் என்று டீக்கடையில் சொல்லி வைத்தேன். எட்டாவது ஃபெயிலானவன் சொன்னதை ஒரு காலேஜ் லெக்சரர் எழுதிக்கொண்டு போனார்.

நீ இருக்கும்போதே முதல் பெட்டி வந்தது. உன் மகள் தன்னுடையதைப் பார்த்துவிட்டாள், உன்னுடையதும் அதேதான். மாமாவுக்கும் அதேதான் வரும், வேடிக்கைக்குப் பார்ப்போம் என்றாள். நீ பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கினாய்.

"எச்சில அமெரிக்காவுக்கு அனுப்பிகினு என்னாத்த கண்டுபுடிக்கப் போற? கம்முனு கெட" என்றாய்.

படிக்காதவள் பயம் என்று சிரித்தேன். நீ போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பியதும் நானே கேட்டு இன்னொரு பெட்டி வரவழைத்தேன்.

பதில் வந்த அன்று பாகாலா ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். போனில் உன் மகள் முதலில் சாப்பாட்டை விசாரித்தாள். மழையை விசாரித்தாள்.

"மாமா, என்னுதும் உங்களுதும் சேரல. உங்கள பெத்த அம்மா வேற யாரோ."

லேப்பில் குச்சியை மாற்றியிருப்பார்கள் என்றேன். இரண்டு தடவை பார்த்தாயிற்றாம். திருப்பதி வண்டி வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை.

நம் பக்கத்தில் கூடப்பிறந்ததை அழவைக்க எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம், நீ எங்க வீட்டுப் பிள்ளை இல்லை. எதிர்வீட்டுப் பெண் அவள் தம்பியைத் தினமும் அதைச் சொல்லியே அழவைப்பாள். நீ என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. என்மேல் அக்காவுக்கு அவ்வளவு மரியாதை என்று அதையும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் நின்று நின்று நீ படிக்க வைத்த மகளுக்கு விசா கிடைத்தபோது, அமெரிக்க ஜனாதிபதியே கையெழுத்துப் போட்டு அனுப்பினார் என்று தெருவெல்லாம் சொன்னேனே, ஞாபகமிருக்கிறதா? துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தாய். புளுகன், சோம்பேறி, நைனா பேரைக் கெடுக்க வந்தவன் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னாய். அது மட்டும் வரவில்லை.

நீ எனக்குப் பத்து வயது மூத்தவள். வீட்டுக்குள் நான் எப்படி வந்தேன் என்று பத்து வயதுப் பெண்ணுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

உன் மகள் கம்ப்யூட்டரில் யாருக்கு யார் பிள்ளை என்று குடும்பப் படம் போடுகிறாள். உங்களை எங்கே போடட்டும் மாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உங்கம்மா பேருக்குப் பக்கத்துல போடு. தம்பின்னு எழுது" என்றேன். எழுதிவிட்டாள்.

நேற்று டீக்கடையில் ரிசல்ட்டைக் கேட்டார்கள். லெக்சரரும் இருந்தார். அக்காவுக்கும் எனக்கும் ஒன்றுதான் என்றேன். அரண்மனையையும் யானையையும் சேர்க்கவில்லை.