பாப்பாவின் சிரிப்பை எடுக்கவா, விடவா

நோர்வூட்
12.07.2001

அன்பு மகன் அழகனுக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மருமகளும் பாப்பாவும் சுகமாக இருக்க மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறோம். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. மழை விட்டபாடில்லை, அம்மாவுக்கு மூட்டுவலி, அதெல்லாம் வழக்கம்தான். கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இந்த மனுசன் ஏன் கையால் எழுதுகிறார் என்று நினைப்பாய், அந்தச் சனியனைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் உன் தங்கச்சி ஊர்மிளா காதில் விழும்.

லீவில் வந்தபோது பாப்பாவின் சிரிப்பைப் பதிந்து, நான் டைப் அடிக்கையில் எதையாவது தப்பாக அமுக்கினால் டொங் என்ற சத்தத்துக்குப் பதிலாக அது கேட்கிற மாதிரி செய்துவிட்டுப் போனாய். நானும் அசடு மாதிரி டைப் அடித்து வாங்கக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். இப்போது ஊர்மிளா பிரசவத்தில் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே வந்திருக்கிறாள். வந்த மறுநாளே யாருக்கோ விண்ணப்பம் அடிக்கும்போது என் விரல் தவறி, பாப்பா கலகலவென்று சிரித்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் ஊர்மிளா வாசற்படியில் நிற்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. சத்தத்தை மாற்றுகிற இடம் கண்ட்ரோல் பேனலில் என்று நீ சொன்ன ஞாபகம், உள்ளே போனால் வரிசை வரிசையாக என்னென்னவோ பெயர், எது எதற்கென்று விளங்கவில்லை, தொட்ட இடமெல்லாம் மறுபடி சிரிப்பு. கடைசியில் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டேன். அடுத்த நாள் பார்த்தால் வயர் சொருகியிருக்கிறது. அம்மாதான் தெரியாமல் செய்துவிட்டாள் என்று கத்தினேன், அவள் இல்லை. மத்தியானம் நான் சாப்பிடப் போகிற நேரம் ஊர்மிளா அதன் முன்னால் உட்கார்ந்து, அமுக்கக் கூடாத இடமாகப் பார்த்து அமுக்குகிறாள். அது சிரிக்கச் சிரிக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அழவும் இல்லை. டவுனில் கம்ப்யூட்டர் பார்க்கிற இக்ராம், ரெண்டு நிமிச வேலைங்க ஐயா, பழைய சத்தத்தையே வச்சுத் தந்துர்றேன் என்கிறார். அம்மா எடுத்துவிடச் சொல்லி நச்சரிக்கிறாள். மாப்பிள்ளை உங்க இஷ்டம் மாமா என்று ஒதுங்கிக்கொண்டார். எனக்குத்தான் தைரியம் வரவில்லை. நேற்றுப் பொறுக்க முடியாமல், இதைக் கேட்டுக் கேட்டு ஏம்மா மனசைப் புண்ணாக்கிக்கிற என்று கேட்டுவிட்டேன். என் பிள்ளை ஒரு சத்தமும் போடலைங்கப்பா, அதான் என்றாள்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நல்லா இருக்கணும். பாப்பாவை ஏசி அறையில் வெறும் உடம்போடு படுக்க வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கோல் எடுக்கும்போது பாப்பா பக்கத்தில் இருக்கலாமா, கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை மகன், நீயே யோசித்துச் செய்.

இப்படிக்கு,
உன் அப்பா
முத்துலிங்கம்