கடைசி வரிசை நாற்காலிகள்

என் வீட்டு மகாராணிக்கு,

மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். விருந்தில் கடைசி இடத்தில் உட்கார், அழைத்தவரே வந்து உன்னை முன்னால் கூட்டிப்போவார் என்று இயேசு சொன்னாரே! அதை நம்பி, நாலு பேர் பார்க்கும்படி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் யார் தெரியுமா? மூன்று வருடமாக என்னோடு பேசாத அண்ணன். அவரும் அதே வசனத்தை நம்பி வந்தவர்தான், கண்ணெல்லாம் முன்வரிசையில்.

விருந்து முடியும்வரை யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் மாமாவே ஓடி வந்தார். இருவரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தோம்.

"நல்லவேளை, நீங்க ரெண்டு பேராவது இருக்கீங்க! இந்த நாற்காலியெல்லாம் கொஞ்சம் அடுக்கிடுங்கப்பா."

அண்ணன் குபீரென்று சிரித்துவிட்டார். "அண்ணா, அந்தப் பக்கம் பிடிங்க" என்றேன்.

சனிக்கிழமையே உன் அம்மா வீட்டிலிருந்து வந்துவிடு. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாப்பிட வருகிறார். நம்மிடம் ஆடாத நாற்காலி ஒன்றுதான். அதை அவருக்குப் போடு.

இடுப்பைப் பிடித்தபடி,
உன் வீட்டுக்காரன்