இருபத்துநான்கு சதுரங்கள்

பான்
3 ஓகஸ்ட் 2025

அன்பின் கஜந்தி,

டிரெஸ்டனில் வெயில் எப்படி? நான் சமைக்கிறேன், சாப்பிடுகிறேன். சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நம்பமாட்டீர். போனில் இருவரும் "ம்" சொல்லியே நேரம் போகிறது, கடிதம் எழுதுவோம் என்றீர். ஜெர்மனில் எழுதினால் நமக்கு ஆய்வறிக்கை மாதிரி வந்துவிடும் என்றும் சொன்னீர். அதனால் தமிழ். பிழைகளைத் திருத்தி அனுப்பவேண்டாம்.

ஐஃபல் மலையில் நமது ஆய்வுப் புல்வெளி நன்றாக இருக்கிறது. ஊசிமரங்களை வெட்டிய வெறும் நிலத்தில், பழைய புல்வெளியிலிருந்து புல்லை விதையோடு அறுத்து வந்து நாம் கையால் பரப்பினோம் என்றால் இப்போது ஒருவரும் நம்பமாட்டார்கள். இந்த ஜூனிலும் நாம் குறித்துவைத்த இருபத்துநான்கு சதுரங்களிலும் செடிகளை எண்ணி முடித்தேன். ஆர்னிகாப் பூ புதிதாக மூன்று சதுரங்களில் வந்திருக்கிறது. நமது ஆய்வுக் கட்டுரைக்குப் பத்து வருடக் கணக்கும் தயார்.

டிரெஸ்டனில் உமது வேலை ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவே இல்லையென்று குறைப்பட்டீர். இப்போது கேட்கிறேன். வீட்டுக்கு வாரும்.

உமது
இளங்கீரன்

டிரெஸ்டன்
14 ஓகஸ்ட் 2025

அன்புள்ள கீரன்,

நாலு பிழை. திருத்தவில்லை.

இதைக் கேட்க உங்களுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. படித்ததும் சந்தோஷமா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். இப்போதெல்லாம் எதையும் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் இருந்தது. இங்கே இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள். நான் வருவேன் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "பிள்ளை செத்துப் பிறக்கேக்கை ஆஸ்பத்திரியிலை இல்லாதவனிட்டையோ திரும்பிப் போறாய்?" என்றார். வழக்கமான பதிலைச் சொன்னேன்: "அவர் பூ எண்ணப் போனவர் அம்மா. அடுத்த நாள் புல்லு வெட்டப் போறாங்கள் எண்டு இருந்தது. வெட்டினா அந்த வருசக் கணக்குப் போச்சு." மூன்று வருடமாக எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிவருகிறேன். எனக்கும். வறட்சியில் மாட்டுத் தீவனம் இல்லையென்று அந்த வருடம் முன்னதாக வெட்ட அனுமதி கொடுத்தது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? இந்த வேலை தெரிந்தவளுக்குத்தான் விளங்கும்.

கட்டுரையில் ஒவ்வொரு வருடமும் புல் வெட்டிய தேதியைச் சேர்க்கச் சொல்கிறார்கள், ஆய்வு நிறுவனத்தில். நிலத்துக்காரர் ப்ரிங்க்மன் நாட்குறிப்பு எழுதுபவர் அல்லவா? பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்
கஜந்தி

பான்
20 ஓகஸ்ட் 2025

அன்பின் கஜந்தி,

ப்ரிங்க்மனைத் தொந்தரவு செய்யவேண்டாம். வயதானவர், தேதிகளைக் குழப்பிவிடுவார். எல்லாம் என்னிடம் இருக்கிறது, நானே நிரப்பி அனுப்புகிறேன்.

பூட்டியிருந்த சின்ன அறையைத் திறந்து வெள்ளை அடித்தேன். உமது மேசையை அங்கே போடலாம். ஜன்னலை வாரம் முழுக்கத் திறந்துவைத்தும் பெயின்ட் மணம் போகவில்லை. நீர் வருவதற்குள் போய்விடும்.

உமது
இளங்கீரன்

டிரெஸ்டன்
2 செப்டம்பர் 2025

கீரன்,

ப்ரிங்க்மனின் பக்கங்கள் வந்துவிட்டன. 2022 ஜூன் 17, வெள்ளி: மேல் புல்வெளி, அதாவது நம்முடையது, முழுவதும் வெட்டியாயிற்று. 19, ஞாயிறு: சுருட்டி ஏற்றியாயிற்று. அவர் ஒன்றையும் குழப்பவில்லை. தேதியோடு புகைப்படமும் இருக்கிறது.

உங்கள் அட்டவணையில் ஜூன் 20, திங்கள். முப்பத்தொரு வகைச் செடி. ஏழாம் சதுரத்தில் ஓர்க்கிட் ஐந்து.

அதற்கு முந்தைய வருடம் நான் எண்ணியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் எண்கள்தான். வறட்சிக்கு ஏற்றபடி அங்கங்கே ஒன்றிரண்டைக் குறைத்திருக்கிறீர்கள். திறமாகச் செய்திருக்கிறீர்கள். மூன்று வருடமாக நானே கண்டுபிடிக்கவில்லை.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தேத்தண்ணி போட்டேன், குடிக்காமல் கொட்டினேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளை பிறந்த அன்று காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நான் போன் எடுத்தபோது, "இன்னும் பதினாலு சதுரம் கிடக்கு, முடிச்சிட்டு வாறன்" என்றீர்கள். எங்கே இருந்தீர்கள்?

கஜந்தி

பான்
9 செப்டம்பர் 2025

அன்பின் கஜந்தி,

புல்வெளியில்தான் இருந்தேன். காருக்குள்.

அதற்கு முதல் நாள் பிள்ளையின் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். மருந்து கொடுத்திருக்கிறோம், பிறக்க ஒரு நாளாகும் என்றார்கள். காலையில் எண்ணிவிட்டு வருகிறேன் என்றேன். "போயிட்டு வாங்கோ" என்றீர். போய்ப் பார்த்தால் எல்லாம் வெட்டிக் கிடந்தது. எண்ண ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம்தான். சாவியைத் திருப்ப என்னால் முடியவில்லை. அழவும் இல்லை. போன் வந்தபோது பதினாலு சதுரம் என்று வாயில் வந்தது.

மாலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நான் வரமுன் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள், பார்க்க முடியவில்லை என்று உமக்குச் சொன்னேன். அதுவும் பொய். "பார்க்கிறீர்களா?" என்று தாதியர் கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

நாம் வீட்டுக்கு வந்ததும் நீர் முதலில் கேட்டது, "எண்ணி முடிஞ்சுதோ?" என்றுதான். ஓம் என்றேன். ஓம் என்றபிறகு எண்கள் தேவைப்பட்டன.

கட்டுரையிலிருந்து அந்த வருடத்தை எடுத்துவிடும். என் பெயரையும் எடுத்துவிடும். வீட்டுக்கு வருவதை மட்டும் மாற்றவேண்டாம்.

இளங்கீரன்

டிரெஸ்டன்
21 செப்டம்பர் 2025

இளங்கீரன்,

2022ஐ எடுத்துவிட்டேன். நடந்ததை நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். உங்கள் பெயரை என்ன செய்வது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். நான் இங்கே வந்தபிறகு நீங்கள் தனியாக எண்ணிய இரண்டு வருடங்களையும் எடுத்துவிட்டேன். அவை உண்மையாக இருக்கலாம். எனக்குத் தெரியாது.

நீங்கள் காருக்குள் இருந்தது வரைக்கும் எனக்கு விளங்குகிறது. நானும் கட்டிலில் அப்படித்தான் கிடந்தேன். "புல்லு வெட்டிட்டாங்கள், என்னாலை வர ஏலாமல் கிடக்கு" என்று அன்று சொல்லியிருந்தால், "சரி, அங்கையே இருங்கோ" என்றிருப்பேன். அம்மாவிடமும் அதையே சொல்லியிருப்பேன்.

அந்த அட்டவணையைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. பக்கத்து அறையில் எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் அடித்த வாரம் அது. நீங்கள் மேசையில் இருந்து, ஏழாம் சதுரத்தில் ஓர்க்கிட் ஐந்தா ஆறா என்று யோசித்திருக்கிறீர்கள். இல்லாத பூக்களை அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறீர்கள்.

இங்கே மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. இனி உங்களுக்காக நான் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

மகளுக்குத் தலைநிறைய முடி இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அடுத்த ஜூனில் புல்வெளிக்குப் போங்கள். வெட்டியிருந்தால், வெட்டியிருந்தது என்று எழுதுங்கள்.

கஜந்தி