இருபத்தொன்றாம் தாள்

மடல் எண்: 1
நாள்: 2025 மே 11, ஞாயிற்றுக்கிழமை
நேரம்: பிற்பகல் 3.20
பொருள்: நம் வீட்டுக் காலண்டரில், 1989 மே 21ஆம் தாளில் நான் செய்த திருத்தம்

இன்று காலை ஏழு பத்துக்கு, வத்தல் காயப்போட ஒரு பழைய பருத்திச் சேலை தேடி உன் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தேன். 2021 நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை நீ போனதற்குப் பிறகு அந்தத் தட்டை நான் தொட்டதில்லை. நீலச் சுங்குடிச் சேலையை உருவியபோது அதற்குள்ளிருந்து ஒரு கட்டு விழுந்தது. பாச்சை உருண்டை வாசனையைத் தாண்டி அச்சு மையின் வாசனை வந்தது. முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மை மணக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பிரித்து எண்ணினேன். முப்பத்தொரு தாள்கள். ஒவ்வொன்றின் பின்புறமும், நிறம் விலகி அச்சான புஸ்வாண லேபிள். முன்புறம் பிள்ளைகளின் கையெழுத்து. அதன் மேல் என் சிவப்பு மை.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். முறையாக எழுதினால்தான் எனக்குச் சொல்ல வரும், நீ அறிவாய். அச்சகத்தில் என் வேலை தினசரிக் காலண்டரின் புரூஃப் பார்ப்பது. கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம் என்று ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து தாள்கள். ஒரு தாளில் ஒரு பிழை போனாலும் அது லட்சம் சுவர்களில் தொங்கும். ஆடிப் பதினெட்டுக்குப் புது ஆண்டின் மாதிரிகளைக் கடைக்காரர்களுக்குக் காட்டியாக வேண்டும். ஆகவே ஊரெல்லாம் பிள்ளைகளுக்கு விடுமுறை விட்ட மே மாதத்தில், ஞாயிறு உட்பட, நான் அடுத்த ஆண்டின் தேதிகளுக்குள் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் நடந்துகொண்டிருந்த மே மாதம் முழுவதும் உன் பொறுப்பில் இருந்தது.

அந்த மாதத்தை நீ எப்படி ஓட்டினாய் என்பதை நான் பெரும்பாலும் தடயங்களை வைத்தே அறிந்தேன். மாலையில் வரும்போது ஜன்னலில் நனைந்த கோணிச்சாக்கு தொங்கும். வெயில் இறங்கும்வரை பிள்ளைகளை வெளியே விடாமல் வைத்திருந்திருக்கிறாய் என்று பொருள். தரையில் நுங்கு எடுத்த வெற்றுக் காய்கள் கிடந்தால் சக்கரமாக்கி வண்டி ஓட்டியிருக்கிறார்கள். சுவரோரம் சிவப்புப் பூக்கள் இருந்தால் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் தோய்த்து அச்சுக் குத்தியிருக்கிறார்கள். ஒருநாள் மாடியில், கூழ் வத்தல் எண்களாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்று முதல் முப்பத்தொன்று வரை, கரண்டியால் ஊற்றிய எண்கள். ஆறு மட்டும் திரும்பிப் படுத்திருந்தது. நான் அதையும் பிழை என்று சொன்னேன்.

"வறுத்தா எல்லாம் ஒண்ணுதான்ங்க," என்றாய். "உங்களுக்கு எந்தத் தேதி வேணும், சொல்லுங்க. வறுத்துத் தாரேன்."

காலண்டர் செய்யும் யோசனை மகனுடையது. அப்போது அவனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஆறு. அச்சகத்திலிருந்து நான் கொண்டுவந்த கழிவு லேபிள்களை நீ ஒரே அளவாக வெட்டிக் கொடுத்தாய். ஏப்ரல் கடைசி வாரம் முழுவதும் அவர்கள் எழுதினார்கள். ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை, அச்சகத்திலிருந்து நான் திரும்பியபோது அது கூடத்து ஆணியில் தொங்கியது. நான் செய்யும் காலண்டரில் உள்ள எல்லாமே அதில் இருந்தன. 'நல்ல நேரம்: 4 மணி, ஐஸ் வண்டி.' 'ராகு காலம்: 1 முதல் 3 வரை, அம்மா தூங்கும் நேரம்.' 'சூலம்: மேற்கு, அந்த வீட்டு நாய்.' 'பரிகாரம்: பிஸ்கட்.' ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலையும் எழுதியிருந்தார்கள். வத்தல் போடும் நாள். சாக்கு நனைக்கும் முறை தங்கச்சிக்கு. பொம்மைக்குக் காது குத்து.

மறுநாள் திங்கள், மே 1. அச்சகத்துக்கு விடுமுறை. அந்த மாதத்தில் நான் முழுதாக வீட்டில் இருந்த ஒரே நாள். காலை ஒன்பது மணிக்கு அந்தக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிப் பாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகன் என் முழங்காலை ஒட்டி உட்கார்ந்தான்.

"அம்மா, அப்பா நம்ம காலண்டரப் படிக்காக!" என்று அடுப்படிப் பக்கம் கத்தினான்.

நான் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

ஏன் எடுத்தேன் என்று இந்த ஒரு வாரமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தாளையும் பேனா இல்லாமல் படிக்க அப்போது எனக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை வந்தாலும் ஒரு திருத்தம் போட்டுவிட்டுத்தான் தேதியைக் குறித்துக்கொள்வேன். மே 1 அரசு விடுமுறை, கறுப்பில் எழுதக்கூடாது என்று குறித்தேன். ராகு காலம் ஒன்றரை மணி நேரம்தான், கிழமைக்குக் கிழமை மாறும் என்று முப்பத்தொரு தாளிலும் நேரத்தை மாற்றினேன்.

நீ கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாய். "ஏங்க, நான் தூங்குறதுதான் அதுகளுக்கு ராகு காலம். பஞ்சாங்கத்தப் பாத்தா எழுதுனாக?"

"தப்பு தப்புதானே" என்றேன்.

மகள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். சிவப்பு மை விடுமுறை நாளுக்கு உரியது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். "ஏம்ப்பா, அம்புட்டு நாளும் செவப்பா இருக்கு. அம்புட்டு நாளும் லீவா? நீங்க வீட்டுலதானா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

பிறகு இருபத்தொன்றாம் தாள் வந்தது. அதில் ராகு காலம், சூலம் தவிர வழக்கமான வேறெதுவும் இல்லை. நடுவில் பெரிதாக, 'அப்பா வீட்டில் இருக்கும் நாள். அரசு விடுமுறை.' சுற்றிலும் வெண்டைக்காய்ப் பூ.

1989 மே 21 ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் அது அரசு விடுமுறைப் பட்டியலில் இல்லை. அன்று எனக்கு அச்சகத்தில் ஐப்பசி மாதத் தாள்கள் காத்திருந்தன. இரண்டு வரிகளையும் குறுக்கே அடித்து, ஓரத்தில் நீக்கற்குறி போட்டு, 'தவறான தகவல்' என்று எழுதினேன்.

"அடிச்சா அடிச்சதுதானாப்பா?" என்று மகன் கேட்டான். "திரும்ப வேணும்னா?"

தொழில் கேள்வி என்பதால் மகிழ்ச்சியோடு விளக்கினேன். அடித்த சொல் மறுபடி வேண்டுமென்றால் அதன் கீழே புள்ளிகள் வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுத வேண்டும். அடித்தவரேதான் எழுத வேண்டும். வேறு யாரும் எழுதக்கூடாது என்றேன். அவன் என் கையிலிருந்த பேனாவைச் சற்று நேரம் பார்த்தான். நான் இருபத்திரண்டாம் தாளைத் திருப்பினேன்.

மே 3, புதன்கிழமை மாலை, நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் இரண்டாம் புரூஃபுடன் நின்றான். புதிய தாள்களில் எல்லாவற்றையும் மறுபடி எழுதியிருந்தான். பழையதோடு ஒப்பிட்டேன். நாற்பத்து மூன்று திருத்தங்களும் ஏறியிருந்தன. எங்கள் அச்சுக்கோப்பவர்களே இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. இருபத்தொன்றாம் தாளில் தேதி இருந்தது, கிழமை இருந்தது, ராகு காலமும் சூலமும் இருந்தன. நான் நீக்கச் சொன்னதை நீக்கியிருந்தான். மற்றதெல்லாம் வெள்ளை.

நான் அதன் கடைசித் தாளில் 'அச்சுக்குப் போகலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவன் முதுகில் தட்டியும் கொடுத்தேன்.

நீ காப்பித் தம்ளரை என் அருகில் வைத்துவிட்டுச் சொன்னாய். "புள்ளிய விடாம அம்புட்டையும் பாத்தீக. இருபத்தொண்ணு வெறுமனே கெடக்கு. அது மட்டும் கண்ணுல படலியா?"

"அதில் பிழை ஒன்றும் இல்லையே."

"இல்லதான்," என்றாய். 

மே 21 அன்று காலை நான் கிளம்பும்போது, "நாலு மணிக்காவது வாங்களேன். வீட்டுல அச்சாபீஸ் போடுதாகளாம். நீங்கதான் மேஸ்திரியாம்" என்றாய். பார்க்கிறேன் என்றேன். திரும்பியபோது ஏழு நாற்பது. பிள்ளைகள் பக்கத்து வீட்டில் டிவி பார்க்கப் போயிருந்தார்கள். கூடத்தில் தாள்கள் அடுக்கியிருந்தன. கிண்ணத்தில் மை காய்ந்து, வெண்டைக்காய்கள் வாடிக் கிடந்தன. நடுவில் ஒரு முக்காலி. அதன் மேல் என் துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேஸ்திரிக்கு இடம் போட்டிருக்கிறார்கள். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன். அதை இடம் என்று நான் புரிந்துகொள்வதற்குள் குளித்து முடித்துவிட்டேன். வெளியே வந்தபோது முக்காலி சுவரோரம் போயிருந்தது.

அடுத்த ஆண்டு, 1990 ஏப்ரல் 22, ஞாயிற்றுக்கிழமை, நானே கழிவு லேபிள்களை வெட்டி எடுத்துக்கொண்டு சீக்கிரம் வந்தேன். மகனிடம் நீட்டினேன். "வேண்டாம்ப்பா. தப்பு வந்துரும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்துவிடும் என்பதுபோலச் சொன்னான். அண்ணன் செய்யாததால் மகளும் செய்யவில்லை. நீ அந்தத் தாள்களை வாங்கி மளிகைச் சீட்டு எழுத வைத்துக்கொண்டாய். அவன் படித்தான், வேலைக்குப் போனான், இப்போது சென்னையில் பெரிய பொறுப்பில் இருக்கிறான். ஆனால் அதற்குப் பிறகு அவன் கையால் எழுதிய எதையும் என்னிடம் காட்டியதில்லை. கல்லூரியிலிருந்து வந்த கடிதங்கள்கூட உன் பெயருக்குத்தான் வந்தன. அதற்கு நானாக ஏதேதோ காரணங்கள் சொல்லிக்கொண்டேன்.

சென்ற வாரம், மே 4, ஞாயிற்றுக்கிழமை, உண்மைக் காரணம் தெரிந்தது. தன் மகளையும் மகனையும் விடுமுறைக்கு என்னிடம் விட வந்திருந்தான். பெண்ணுக்கு ஏழு, பையனுக்கு ஐந்து. நீ கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு மூன்று வயது, அவன் கைப்பிள்ளை. ஆட்டோவில் ஏறியவன் மறுபடி இறங்கி வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, அவ எதையாச்சும் எழுதிக்கிட்டே இருப்பா. நீங்க திருத்தாதீகப்பா."

"நான் எதற்கு..."

"சும்மா சொன்னேன்" என்று ஏறிவிட்டான். நாற்பத்து நான்கு வயது ஆள். கண்ணைப் பார்க்கவில்லை.

அந்த ஒரு சொல் ஒரு வாரமாக என்னோடு நடந்தது. இன்று காலை கட்டு விழுந்தது. நீ இரண்டாம் புரூஃபை வைத்திருக்கவில்லை. பிழையில்லாத, நான் கையெழுத்திட்ட அந்தப் பிரதி எங்கே போனதென்று தெரியவில்லை. பிழைகள் நிறைந்த முதலாவதைத்தான் சேலை மடிப்புக்குள் வைத்திருக்கிறாய். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் அதை வைத்துக்கொண்டு, ஒருமுறைகூட எடுத்து என் முன்னால் வைக்கவில்லை. வைத்திருந்தால் புள்ளி போட்டிருப்பேனா? உண்மையைச் சொல்வதானால், போட்டிருக்க மாட்டேன். விடுமுறைப் பட்டியலை எடுத்துக் காட்டியிருப்பேன். அதனால்தான் நீ வைக்கவில்லை.

எட்டரை மணிக்குப் பேத்தியும் பேரனும் நானும் மாடியில் உன் சேலையை விரித்து வத்தல் ஊற்றினோம். கூழ் சற்று இளகிவிட்டது, உப்பு கூடிவிட்டது. நீ இருந்தால் மூன்று நாள் சொல்லிக்காட்டியிருப்பாய். எண்களாக ஊற்றலாம் என்று நான்தான் சொன்னேன். பேரன் ஊற்றிய ஆறு திரும்பிப் படுத்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

கீழே வந்ததும் பேத்தி ஒரு தாளை நீட்டினாள். வீட்டுக் காலண்டராம். 'மே 21: அப்பா வரும் நாள்' என்று எழுதி, சனிக்கிழமை என்று போட்டிருந்தாள். வேறு ஒரு பிழையும் இருந்தது.

"நீங்க கரெக்ட் பண்ணுவீங்களாமே தாத்தா. அப்பா சொன்னாரு. பண்ணுங்க, பரவாயில்ல."

"சனிக்கிழமையாக இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்" என்றேன். அவள் என்னை நம்பாமல் பார்த்துவிட்டு, ஆணி எங்கே என்று கேட்டாள். அதே ஆணியைக் காட்டினேன்.

அவர்கள் இப்போது கூடத்தில் தூங்குகிறார்கள். இன்றைய ராகு காலம் நாலரைக்குத்தான் தொடங்குகிறது. அவர்களுக்கு ஒரு மணிக்கே தொடங்கிவிட்டது. நீ வைத்திருந்த முதல் புரூஃபின் இருபத்தொன்றாம் தாளை எடுத்து வைத்து, அதே சிவப்பு மையில், நான் அடித்த இரண்டு வரிகளின் கீழும் புள்ளிகள் வைத்தேன். புள்ளிகள் நேராக இல்லை. ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதி, இன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று வீட்டில் இருந்திருக்கலாம். ஐப்பசித் தாள்கள் திங்கட்கிழமை வரை காத்திருந்திருக்கும். இப்போது வீட்டில் இருக்கும் நாட்களைத் தவிர வேறு நாட்களே எனக்கு இல்லை. அவற்றை யாரும் காலண்டரில் எழுதுவதில்லை.

பிள்ளைகளை அழைத்துப்போக அவன் வரும் மே 21 இந்த ஆண்டு புதன்கிழமை. வந்ததும் அந்தத் தாளைக் கொடுக்கப்போகிறேன். என்ன சொல்வான் என்று தெரியவில்லை. முக்காலியை இன்றே கூடத்துக்கு எடுத்துப் போட்டுவிட்டேன். இந்த முறை உட்காரப்போகிறவன் அவன். வெண்டைக்காய்க்குச் சொல்லியாயிற்று.

இந்த மடலை உன் நீலச் சேலை இருந்த இடத்தில் வைக்கிறேன்.

இணைப்பு:
1. கூழ் வத்தல், எண் 6, திரும்பிப் படுத்தது. ஒன்று. வறுக்காதது.
2. பேத்தியின் காலண்டர்த் தாளின் நகல், பக்கம் ஒன்று. பிழைகள் இரண்டு. திருத்தப்படவில்லை.
3. சிவப்பு மைப் பேனா, மூடியுடன்.
4. 1989 மே மாத முதல் புரூஃப், தாள்கள் முப்பது. இருபத்தொன்றாம் தாள் இணைக்கப்படவில்லை. அது அவனுக்குச் சேர வேண்டியது.