பின்பக்க அறைக்கு வந்தவர்கள்

நவம்பர் 12, புதன்

விடிந்ததிலிருந்து மழை. மலை தெரியவில்லை. வேலைகள்: பின்பக்க அறைக்கு பல்பு, கேஸ் புக்கிங், இட்லி மாவு.

பதினோரு மணிக்கு அந்த அறையைக் கேட்டு ஒரு ஜோடி. நித்யா, நர்ஸ். அடி அண்ணாமலைப் பெண். பையன் இம்ரான், டவுனில் செருப்புக்கடை. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்றாம். நோட்டீஸ் முப்பது நாள். அதுவரை தங்க இடம் வேண்டும். "ரெண்டு வீட்லயும் தெரிஞ்சிபோச்சிம்மா. எங்க போறதுன்னே தெரியல."

"தாலி கட்டிக்கினு வாங்க, தரேன்" என்றேன்.

அவள் மாடியை அண்ணாந்து பார்த்தாள். "மேல இருக்கறவங்க கட்டிக்கினாங்களா?"

வாய் ஜாஸ்தி. "அது அவங்க ஊர் வழக்கம். நமக்கு ஆவாது."

போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மழையிலேயே.

மாடியில் கிளாராவும் பாவ்லோவும். இத்தாலி. நாலு வருஷமாக இங்கேதான். கல்யாணம் கிடையாது.

நவ. 13, வியாழன்

மழை கம்மி. பல்பு மாட்டியாயிற்று. மாவு பொங்கவே இல்லை, சனியன்.

நேற்று நடந்ததையெல்லாம் கிளாரா கேட்டிருக்கிறாள். வகுப்புக்குப் போய்க் கற்ற தமிழில்: "அக்கா, எனக்கு வருத்தம். ஆனால் இது உங்கள் கலாச்சாரம். நான் தப்பு சொல்ல மாட்டேன்."

சுர்ரென்று வந்தது. தப்பு என்றிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். எனக்கென்ன, நல்லது கெட்டது தெரியாதா? கலாச்சாரம் மட்டும்தான் உண்டா?

சாம்பார் தாளிக்கும்போது உறைத்தது. நான் மட்டும் என்ன? மாடியில் அவர்கள் அப்படி இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாலு வருஷத்தில் ஒருநாள் வாய் திறந்ததில்லை. ஊர் வழக்கம் என்று ஒதுக்கிவிட்டேன். தப்பென்றால் இரண்டு ஜோடிக்கும் தப்பு. மாடிக்குச் சாவி கொடுத்தவள் கீழேயும் கொடுக்கத்தான் வேண்டும்.

நித்யாவுக்கு போன். ராத்திரி முழுக்க பஸ் ஸ்டாண்டில் இருந்திருக்கிறார்கள். கூசிப்போனேன். "ஆட்டோ புடிச்சி வாங்க, மொதல்ல சாப்புடுங்க."

கிளாராவிடமும் சொல்லிவிட்டேன். "நீங்க கல்யாணம் கட்டாம இருக்கறது எனக்குப் புடிக்கல."

சிரித்தாள். "நீங்கள் அறை தராதது எனக்கும் பிடிக்கவில்லை, அக்கா."

அப்பாடா. இப்போதுதான் பேசினோம்.

நவ. 15, சனி

வெயில். துணியெல்லாம் காய்ந்தது. எதிர்வீட்டம்மா சர்க்கரை கேட்டு மூன்று தடவை. பின்பக்கம் எட்டிப்பார்க்கத்தான். தெரியாதா எனக்கு.

சாயங்காலம் நித்யாவின் அப்பா. கேட்டுக்கு வெளியே நின்றார். கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. "எம்பொண்ண அனுப்பிடுங்கம்மா."

கம்பி வழியாகத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். உள்ளே போய்க் கேட்டேன். வரமாட்டேன் என்றாள், அழுதுகொண்டே. அதை அப்படியே வந்து சொன்னேன்.

சொம்பைக் கம்பி வழியாகவே திருப்பிக் கொடுத்தார். "உங்க பொண்ணா இருந்தா ஒத்துக்குவீங்களா?"

மாட்டேன் என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

கேட்டைத் திறக்கவும் இல்லை.