முதலில் எதிராளியின் வாதம்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்தே சாரல். என் செல்போன் ரிப்பேர் கடைக்கு வந்ததெல்லாம் தண்ணீர் புகுந்த போன்கள். அருவிக்குள் நின்று செல்ஃபி எடுத்த புண்ணியவான்கள்.

மதியம் என் தொடர்கதையில் அடுத்த அத்தியாயம் பாதி எழுதினேன். டி.வி. சீரியல் ‘கருங்கோட்டை’யில் வீரசேனன் தாயத்தைக் கட்டிக்கொண்டு ஜெயிக்கிறான். நான் எழுதும் கதையில் அதே வீரசேனன் தாயத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறான். எதிராளியின் வாதத்தை, அந்த எதிராளியே ‘ஆமா, இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்லிவிட்டுத்தான் வாளை எடுப்பான். கதையைப் படிக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் அதே சட்டம்.

சாயங்காலம் துபாயிலிருந்து அண்ணன் போன். அங்கே செல்போன் கடையில் எனக்கு வேலை தயார். ஞாயிறுக்குள் பதில் வேண்டும். மனைவி ஷாஹிதாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்டேன். “போவாண்டாம் மச்சான்” என்றாள். அவ்வளவுதான்.

ஜூலை 4, வெள்ளி

ஜும்மா முடிந்து சாப்பாடு. பிறகு சட்டத்தை வீட்டில் சோதித்தேன். உன் கட்சியை நானே சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். தனியாக இருக்கப் பயம். மகளுக்கு வாப்பா பக்கத்தில் வேண்டும். அக்கம்பக்கம் ஏதாவது பேசும்.

“பயம்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? இதெல்லாம் ஒங்க கதைப் பொம்பளைக்கு.”

தட்டைக் கழுவப் போய்விட்டாள். எனக்கு மார்க் பூஜ்யம்.

வாங்க: சால்டரிங் ஈயம், மகளுக்குக் குடை, கொத்தமல்லி.

ஜூலை 5, சனி

ஐந்தருவி. குழுச் சந்திப்பு. ஈரத் துண்டோடு பஜ்ஜிக் கடையில் வாதம்: எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சளி பிடிக்குமா? சுரண்டை மகேஷ் எதிர்க்கட்சியை அவ்வளவு நன்றாகச் சொல்லி, கடைசியில் அந்தக் கட்சிக்கே போய்விட்டான். மனம் மாறியவருக்குத்தான் முதல் பஜ்ஜி. எங்கள் வழக்கம்.

ஷாஹிதா விஷயத்தைச் சொன்னேன்.

“ஏலே, அவகிட்ட கேட்டியா, நீயா ஊகிச்சியா?” என்றான் மகேஷ்.

ஊகித்தேன்.

“பொறவு என்னத்தலே ஆதாரம் ஆதாரம்னு எழுதுதே? சரி, ஒனக்குப் போவ ஆசையா?”

பஜ்ஜி சுடுகிறது என்று சமாளித்தேன். வரும்போது ஷாஹிதாவுக்கு மங்குஸ்தான் வாங்கினேன்.

ஜூலை 6, ஞாயிறு

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

ஏன் வேண்டாம் என்று ஷாஹிதாவிடமே கேட்டேன். குறுக்கே பேசாமல் இருப்பதுதான் பெரும்பாடு.

“எங்க வாப்பா சவுதிலேருந்து லீவுல வந்தா உம்மா அலமாரிலேருந்து நல்ல தட்டு எடுப்பா. ஒரேயடியா ஊருக்கு வந்த பொறவும் வாப்பாவுக்கு அந்தத் தட்டுதான். கடைசிவரைக்கும்.”

நான் மெதுவாகச் சொன்னேன். “நான் இல்லாம இருக்க நீ பயப்படல. திரும்பி வந்த பொறவும் விருந்தாளியாவே இருந்துருவேனோன்னு பயப்படுதே.”

“ஆமா. இதுதான்.”

பாஸ் ஆன சந்தோஷம். மறைப்பானேன், அவளைப் புரிந்துகொண்டதைவிட ஜெயித்ததில்தான் சந்தோஷம்.

மங்குஸ்தானை உரித்தபடி கேட்டாள்: “ஒங்க கட்சிய நான் சொல்லட்டா?”

சொல்லு என்றேன்.

“ஒங்களுக்குப் போவ ஆசையே இல்ல. அண்ணன்கிட்ட மாட்டேன்னு சொல்லத்தான் தைரியம் இல்ல. ‘ஷாஹிதா விடமாட்டேங்கா’ன்னு சொல்லிரலாம்லா? அதுக்குத்தான் என்கிட்ட இந்த வாதம்லாம்.”

வெட்கமாக இருந்தது. சட்டம் சட்டம்தான். “ஆமா, இதுதான்” என்றேன்.

உரித்த சுளையை என் வாயில் வைத்தாள். போனைக் கையில் கொடுத்தாள்.

“என் பேரச் சொல்லாம சொல்லுங்க.”

சொன்னேன். அண்ணன், அங்கே சாரல் எப்படி என்று கேட்டான்.